ஆட்டுத் தலைக்கு ஓர் உடம்பு

"பெரியவர் வீட்டுல இருந்து புகார் வந்திருக்கு," என்றார் கண்காட்சி நடத்தும் மேடம், போனில்.

"எந்தப் பெரியவர் மேடம்?"

"உங்க படத்துல இருக்கிறவர்தான். போஸ்டரைப் பார்த்திருக்காங்க. 'எங்க பெரியவரை இப்படிச் சந்தி சிரிக்க வெச்சிட்டீங்களே'ன்னு ஒரு அம்மா ஒரே கத்தல். என் காது இன்னும் ரீங்காரம் போடுது."

லேயர் கையிலிருந்த காபியை மேசைமேல் வைப்பதாக நினைத்துக் கீபோர்டின்மேல் வைத்தான். கோப்பை சாய்ந்தது. திரையில் எழுத்துகள் தாமாக ஓட ஆரம்பித்தன. அவன் கவனிக்கவில்லை.

லேயர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அச்சகத்தில் வைத்தது. கம்ப்யூட்டரில் ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை அடுக்கி, அடியிலிருப்பதை மறைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த தொழில். எந்தச் சிக்கல் வந்தாலும், கூரை ஒழுகினால்கூட, "இன்னொரு லேயர் போட்டா சரியாயிடும் சார்" என்பான். பெயர் ஒட்டிக்கொண்டது.

புகாருக்கு ஆளான படம் இதுதான். ஒரு பூங்கா பெஞ்சு. அதில் கட்டம்போட்ட சட்டை அணிந்த, வயிறு கொஞ்சம் முன்னே வந்த ஒரு மனித உடம்பு. கைகள் மடியில். கழுத்துக்கு மேலே தாடியும் கொம்பும் வைத்த ஓர் ஆட்டுத் தலை. உடம்பு, பூங்காவில் ஒரு வயசானவரைப் படமெடுத்து வெட்டியது. தலை, ஏதோ ஒரு சந்தில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த ஆட்டினுடையது. இரண்டு பேரிடமும் அவன் எதுவும் கேட்கவில்லை. வயசானவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆடு தின்றுகொண்டிருந்தது.

'பாதி மனிதர்கள்' என்ற டிஜிட்டல் ஓவியக் கண்காட்சிக்கு அவன் அதை அனுப்பினான். மேடம் பார்த்த உடனே போன் செய்தார். "இது நாம எல்லாரும்தான்! நம்ம எல்லாரோட காத்திருப்பு! வாசல் சுவர்ல மாட்டுறோம். திறப்பு விழா முடிஞ்சதும் ஒரு வருஷத்துக்கு நீங்க எங்க கலைக்கூடத்தோட ஓவியர். தனி அறை, சம்பளம் எல்லாம் உண்டு."

போனை வைத்த கையோடு லேயர் அச்சக முதலாளியின் அறைக்குப் போனான். விசிட்டிங் கார்டு மூலையில் ரோஜாப் பூ வைக்கிற வேலைக்கு இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்குக் கலைன்னா என்னன்னு தெரியுமா சார்?" என்றும் கேட்டுவிட்டு வந்தான்.

இப்போது மேடம் சொன்னார்: "சனிக்கிழமை திறப்பு. அதுக்குள்ள அந்தக் குடும்பம் சமாதானமாகணும். இல்லேன்னா படத்தை இறக்கிடுவோம். எங்களுக்குக் கோர்ட்டு, கேசுன்னு அலைய முடியாது."

"படத்தை இறக்கினா அந்த ஒரு வருஷ வேலை?"

"எந்த வேலை?" என்றார் மேடம்.

லேயர் அவசரமாக வேறு வழி தேடினான். "மேடம், தலையை மாத்திடட்டுமா? குதிரைத் தலை ஒண்ணு கைவசம் இருக்கு."

"தலையில மட்டும் கை வைக்காதீங்க! தலைதான் அதோட ஆன்மா. அந்தக் கண்ணைப் பார்த்தீங்களா, எவ்வளவு தத்துவம்! உடம்பு வெறும் உடம்பு. அவங்களுக்கும் அதானே பிரச்சினை? அதை மாத்துங்க."

*

மனைவி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"படத்துல அவருக்கு முகமே இல்லையே. எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"தொப்பையை வெச்சுத்தான். வேற என்ன இருக்கு?"

"அப்ப உங்களையெல்லாம் கூட்டத்துல தொலைச்சா சுலபமா கண்டுபிடிச்சிடலாம்."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"வேலையை விடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே பண்ணியிருப்பேன்." ஒரு விடையின்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போட்டாள். "அந்த அம்மாகிட்ட நேரா பேசுங்க. மன்னிப்புக் கேட்டா வாய் வலிக்காது."

மேடத்திடம் எண்ணை வாங்கி அழைத்தான். எதிர்முனையில் வாளியும் தண்ணீரும் சத்தம் போட்டன.

"அம்மா, நான்தான் அந்தப் படம் செஞ்சவன்."

"நீங்கதானா? நல்லா இருப்பீங்களா தம்பி? அவரு உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாரு?"

"தப்புதான்மா. பெரியவர் இப்ப எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன தெரியும் பாவம். எங்களுக்குத்தான் மனசு ஆறல. இந்தத் தெருவுல அவரு நடந்தா வண்டியெல்லாம் நின்னு வழிவிடும். அப்படி வாழ்ந்தவரு. அவரைப் போய்..." தண்ணீர் சத்தத்தில் மீதி போயிற்று. "குளிப்பாட்டிட்டு இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க, பிடிச்சா நிக்க மாட்டாரு."

லேயர் மனதுக்குள் கும்பிட்டான். வயசானவரைக் குளிப்பாட்டிவிடும் மருமகள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தி.

"எல்லாம் நீங்கதான் பார்த்துக்கிறீங்களாம்மா?"

"பின்னே யாரு? சோறு போடுறது, காலார வெளிய கூட்டிட்டுப் போறது எல்லாம் நான்தான். அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லாமயா இருக்கு? இந்தப் பக்கத்துல பாதி அவரு வாரிசுதான். ஒண்ணாவது எட்டிப் பார்க்குதா?"

"நான் நேர்ல வந்து அவர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்கட்டுமா?"

அந்த அம்மா சற்று யோசித்தாள். "விழாதீங்க. புது ஆளைக் கண்டா அவருக்கு ஆகாது. குனிஞ்சா இன்னும் ஆகாது."

எவ்வளவு பெரிய ரோஷக்காரர் என்று லேயர் வியந்தான்.

"அப்ப நான் என்ன பண்ணட்டும்மா?"

"அவரை அந்தக் கோலத்துல பார்க்க முடியல தம்பி. அவ்வளவுதான் சொல்லுவேன்." போன் வைக்கப்பட்டது.

"பார்த்தியா," என்றான் மனைவியிடம், "உடம்புதான் பிரச்சினை. அந்தத் தொப்பை, அந்தக் கட்டம்போட்ட சட்டை. நாலு பேர் பார்க்கிற இடத்துல அப்படி உட்கார வெச்சா எந்தக் குடும்பத்துக்கும் கோபம் வரும்."

மாலையில் பூங்காவுக்கும் போய்ப் பார்த்தான். பெஞ்சு காலியாக இருந்தது. அவமானத்தில் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு திரும்பினான்.

*

முதலில் வயிற்றைக் குறைத்தான். இடுப்பை ஒடுக்கினான். தோளை நிமிர்த்தினான். கட்டம்போட்ட சட்டைக்குப் பதில் இளநீலச் சட்டை. கழுத்துப் பக்கம் இரண்டு லேயர் போட்டுத் தேய்த்தான். பார்த்தால் இளந்தாரி மாதிரி இருந்தது. இப்படி இளைக்கவைத்தால் எந்தப் பெரியவர் கோபித்துக்கொள்வார்?

புதுப் படம் மேடம் வழியாக அந்த அம்மாவுக்குப் போயிற்று. பதிலும் மேடம் வழியாக வந்தது.

"முன்னைவிட மோசம்னு சொல்றாங்க. எங்க பெரியவரைப் பட்டினி போட்ட மாதிரி இருக்காம். பார்க்கிறவங்க எங்களை என்ன நினைப்பாங்கன்னு கேக்கறாங்க."

"தொப்பையை எடுத்தது தப்பா மேடம்?"

"அந்த வீட்டுல தொப்பைதான் கௌரவம் போல. ஒண்ணு செய்யுங்க. அந்த உடம்பே வேண்டாம். வேற ஒருத்தரை உட்கார வைங்க. நிக்க வைங்க. நல்லா வாட்டசாட்டமா."

வாட்டசாட்டமான உடம்புக்கு லேயர் எங்கே போவான்? கம்ப்யூட்டரைக் குடைந்தான். அச்சகத்துக்கு விளம்பரம் செய்தபோது எடுத்த முதலாளியின் முழு உருவப் படம் அதில் கிடந்தது. இடுப்பில் இரண்டு கை, விரலில் பெரிய மோதிரம், எப்போது தெறிக்குமோ என்று காத்திருக்கும் நடுப் பொத்தான். உடம்பென்றால் அது உடம்பு.

ஒரு கணம் மனசாட்சி முனகியது. தலையில்லாத உடம்பை எவன் அடையாளம் காணப்போகிறான் என்று அதன்மேலும் ஒரு லேயர் போட்டான். கால்சட்டையின் நிறத்தை மாற்றினான். தலையை ஏற்றினான். ஆடு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றது. உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷமும் வந்தது. அதை அவன் கலை என்று எடுத்துக்கொண்டான்.

மேடம் துள்ளிக் குதித்தார். "அதிகாரம்! இது அதிகாரத்தைப் பத்தின படம்! உடனே புதுப் போஸ்டர் அடிக்கக் கொடுக்கிறேன்."

எந்த அச்சகத்தில் அடிக்கக் கொடுக்கிறார் என்று லேயர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரில் நல்லதாக ஓர் அச்சகம்தான் இருந்தது.

மறுநாள் காலை முதலாளி போனில் வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, ஒரு சந்தேகம். இங்க ஒரு போஸ்டர் வந்திருக்கு. ஆட்டுத் தலை."

"ஆமா சார். அது நம்ம படம்தான்."

"தலை ரொம்ப நல்லா வந்திருக்கு."

"நன்றி சார்."

"அந்த மோதிரம் என் பொண்டாட்டி எனக்குப் போட்டது."

"மோதிரம் எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்."

"இருக்கும். நடுப் பொத்தான் தெறிக்கிற மாதிரி நிக்கிறதும் ஒரே மாதிரி இருக்குமா? மிஷின் ஓட்டுறவன்ல இருந்து காகிதம் கட்டுறவன் வரைக்கும் எல்லாரும் சுத்தி நின்னு சிரிக்கிறான்யா. 'சார் வந்துட்டார், சார் வந்துட்டார்'னு ஒருத்தன் மேன்னு கத்தறான். முகத்தைப் பார்த்து என்னைக்குமே எழுந்து நிக்காத பயலுக, தொப்பையைப் பார்த்த உடனே கண்டுபிடிச்சிட்டானுக!"

"சார், தலை உங்களுது இல்லை சார்..."

"எனக்குத் தலைன்னு ஒண்ணு இருந்திருந்தா உன்னை வேலைக்கு வெச்சிருப்பேனா?"

போஸ்டர் அடிக்கப்படவில்லை. தவிரவும், கலைத் துறையில் தோற்றால் திரும்பிப் போக லேயருக்கு இருந்த ஒரே கதவும் அன்றோடு சாத்தப்பட்டது. ரோஜாப் பூ வைக்கிற வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று என்று முதலாளி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

அந்த அம்மாவின் பதிலும் வந்து சேர்ந்தது. "அவரை ரௌடி மாதிரி நிறுத்தியிருக்கீங்களாம். அவரு வம்புக்குப் போக மாட்டாராம், வந்தா விட மாட்டாராம். இடுப்புல கை வெச்சு யாரையும் மிரட்டினது கிடையாதாம்," என்றார் மேடம். "கண்ணியமா ஒரு உடம்பு உங்க வட்டாரத்துலயே கிடையாதா?"

*

கண்ணியமான உடம்பு ஒன்று இருந்தது. மாமனாருடையது.

மாமனார் ஒரு கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் உடம்பு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாலும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதுபோலத்தான் உட்காருவார். முடி வெட்டிக்கொள்ளும்போதும் அப்படித்தான்.

"மாமா, உங்களை வெச்சு ஒரு படம் செய்யலாம்னு இருக்கேன்," என்றான் லேயர். "கண்காட்சி வாசல்லயே மாட்டுவாங்க."

மாமனாருக்கு முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை என்று ஒருவன் வாய்த்ததிலிருந்து அவர் அடைந்த முதல் லாபம் இதுதான். அன்றே முடி வெட்டிக்கொண்டார். மீசைக்கு மை பூசினார். பெட்டியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கனமான புத்தகத்தோடு மகள் வீட்டுச் சோபாவில் வந்து அமர்ந்தார்.

"மாப்பிள்ளை, சிரிக்கணுமா?"

"உங்க இஷ்டம் மாமா."

"லேசா சிரிக்கிறேன். எந்தப் பக்கம் பார்க்கணும்?"

"எந்தப் பக்கம் வேணா பாருங்க மாமா. முகத்தைப் பத்திக் கவலையே படாதீங்க."

இவ்வளவு சுதந்திரம் தருகிற கலைஞனை அவர் அதுவரை கண்டதில்லை. காலை நடைக்கு வரும் நண்பர்கள் எல்லாரையும் திறப்பு விழாவுக்கு அழைத்துவிட்டார்.

இந்த முறை கதை நேராகப் போயிற்று. மேடத்தின் குரலில் நிம்மதி. "அந்த அம்மா இறங்கி வந்துட்டாங்க! கோட்டு, சோபா, கையில புத்தகம், இப்பத்தான் பெரியவருக்கு ஒரு மரியாதை தெரியுதாம். மனசு முழுசா ஒப்பல, இருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்றாங்க."

"கரையைக் கடிச்சாச்சா மேடம்?"

"என்ன?"

"கரையைப் பிடிச்சாச்சான்னு கேட்க வந்தேன் மேடம். சந்தோஷத்துல வாய் குழறுது."

அந்தச் சந்தோஷம் அழைப்பிதழ் அச்சாகி வரும்வரை நீடித்தது. மாமனார் அதைத் தேடிப் போய் வாங்கிக்கொண்டார். நடைப் பாதையிலேயே, நண்பர்கள் சூழ, பிரித்தும் பார்த்தார். பிறகு நேராக மகள் வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றவில்லை.

"மாப்பிள்ளை, இது யாரு?"

"ஆடு மாமா."

"ஆடுன்னு எனக்கும் தெரியும். அதுக்குக் கீழே?"

"அதுக்குக் கீழே... நீங்க மாமா."

"மீசைக்கு மை பூசிட்டு வந்து உட்கார்ந்தேனே, அந்த மீசை எங்கே?"

"அது அடியில ஒரு லேயர்ல பத்திரமா இருக்கு மாமா."

மாமனார் சோபாவில் உட்காரப் போனார். அது படத்தில் வந்த சோபா என்று ஞாபகம் வந்து நின்றுகொண்டே பேசினார். "என் வாழ்க்கையில நான் நாற்காலியில உட்கார்ந்தா எதிர்ல இருக்கிறவன் எழுந்து நிப்பான். இன்னைக்கு எல்லாரும் என்னைப் பார்த்து இலை தழை சாப்பிட்டாச்சான்னு கேக்கறான்."

மனைவி சமையலறையிலிருந்து வந்து அழைப்பிதழை வாங்கிப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். மறுபடி அழைப்பிதழைப் பார்த்தாள்.

"எங்கப்பாவை ஆடாக்கிட்டீங்களா?"

"கழுத்துக்கு மேலதான்."

"கழுத்துக்கு மேலதான் எங்கப்பா! மத்ததெல்லாம் கோட்டு!"

"உங்கப்பாவை அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு..."

"எந்த அம்மாவுக்கு?" என்றார் மாமனார். கொஞ்சம் நிமிர்ந்தார். மகள் பார்த்த பார்வையில் திரும்பவும் தளர்ந்தார். "யாருக்குப் பிடிச்சாலும் சரி, என் உடம்பை எனக்குத் திருப்பிக் கொடுத்திடுங்க மாப்பிள்ளை."

அவர் போனபின் மனைவி விடைத்தாள் கட்டை எடுத்துவைத்துக்கொண்டாள். சிவப்புப் பேனா தாளைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் சொன்னாள்.

"ஊரார் உடம்பையெல்லாம் வெட்டி ஒட்டினீங்களே. உங்க உடம்புக்கு என்ன கேடு?"

லேயர் திடுக்கிட்டான். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? கேட்க வேண்டிய அனுமதி எல்லாம் அவன் கையிலேயே இருந்தது. புகார் சொல்ல யாரும் இல்லை. பூங்காப் பெரியவரும் இல்லை, முதலாளியும் இல்லை, மாமனாரும் இல்லை.

மனைவியே படமெடுத்தாள்.

"வயித்தை உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன்."

"இழுத்தது இதுவா?"

"தோள்?"

"இருக்கிறதைத்தானே எடுக்க முடியும்? இல்லாததுக்கு நான் எங்கே போவேன்?"

நின்று, உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் ஒரு களை இல்லை. முட்டி துருத்திய பழைய கால்சட்டையும், சாயம்போன பனியனுமாக, வேலை போன ஒருவன் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற படம் ஒன்று மட்டும் உண்மையாக வந்திருந்தது. அதையே எடுத்துக்கொண்டான். ஆட்டுத் தலையைக் கொண்டுவந்து கழுத்தின்மேல் வைத்தான். தேய்க்க வேண்டியிருக்கவில்லை, லேயர் போட வேண்டியிருக்கவில்லை. அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மேடத்துக்குப் பிடித்தது. "நிர்க்கதி!" என்றார். "இதைத்தான் நான் ஆரம்பத்துல இருந்து தேடினேன்." அந்த அம்மாவுக்கு அனுப்பிக் கேட்க நேரமில்லை. திறப்பு விழாவுக்கே வரச்சொல்லிவிட்டார். "நேர்ல பார்த்துச் சரின்னு சொல்லட்டும். சொன்னா படமும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க."

*

சனிக்கிழமை மாலை கலைக்கூடத்தில் நல்ல கூட்டம். சுவரெல்லாம் பாதி மனிதர்கள். மீன் வாலோடு ஒரு வக்கீல். ஆமை ஓட்டோடு ஒரு பஸ் டிரைவர். ஆந்தைக் கண்ணோடு ஓர் அம்மாள். அதைச் செய்த ஓவியர் தன் மனைவியை மாதிரியாக வைத்ததால் ஒரு வாரமாக நண்பன் அறையில் தங்கியிருந்தார். வந்தவர்கள் கையில் ஜூஸோடு ஒவ்வொரு படத்தின் முன்னும் தலையைச் சாய்த்து நின்றார்கள். தலையை நேராக வைத்துப் பார்த்தால் கலை தெரியாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

லேயரின் படத்தின் முன்னால் கூட்டம் அதிகம். காலை நடை நண்பர்களைத் தடுக்க முடியாமல் மாமனாரும் வந்திருந்தார். வந்தவர், படத்தில் தான் இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், "முன்னாடி இதுல வேற ஒருத்தர் இருந்தார். அது இன்னும் கம்பீரமா இருந்துச்சு" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்.

தாடி வைத்த விமர்சகர் ஒருவர் விரலை நீட்டினார். "தன் உடம்பைத் தானே இழந்த நவீன மனிதன். மிருகம் அவனுக்குள்ள நுழையல. அவன்தான் மிருகத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கான்."

"ஆமாம் சார்," என்றான் லேயர். அவன் கண் வாசலிலேயே இருந்தது.

அந்த அம்மா வந்தாள். ரப்பர் செருப்பு. தோளில் ஒரு துணிப்பை. கூட்டத்தைப் பார்த்து மிரளவில்லை, இடித்துக்கொண்டு நடந்தாள். மேடம் அவளை லேயரிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டார்.

"வாங்கம்மா," லேயர் கையைக் குவித்தான். "பெரியவர் வரலையா?"

"அவரைக் கூட்டிட்டு வந்தா இங்க ஒண்ணும் மிஞ்சாது தம்பி."

"நியாயம்தான்மா. அவர் கோபம் எனக்குப் புரியுது."

அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள். சுற்றியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். விமர்சகர் வாயை மூடினார். மாமனார்கூட நிறுத்தினார். அவள் கண் கலங்கிற்று. முந்தானை நுனியால் துடைத்துக்கொண்டாள். பிறகு கழுத்துக்குக் கீழே பார்த்தாள். அந்தப் பனியனை, அந்தக் கால்சட்டையை, முட்டியை. முகம் சுருங்கிற்று.

"போன தடவை ஒரு கோட்டு போட்டவர் இருந்தாரே, அவரு எங்கே?"

"இங்கேதான் இருக்கேன்," என்றார் மாமனார், தன்னையறியாமல்.

"அதுவாவது பார்க்கிற மாதிரி இருந்துச்சு. இது யாரு?"

"நான்தாம்மா," என்றான் லேயர்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான்," என்றாள்.

மேடம் தூரத்திலிருந்து கையைப் பிசைந்தார். வாசல் ஊழியன் ஒருவன் ஏணியைத் தயாராகச் சுவரில் சாய்த்துவைத்தான். மனைவி கூட்டத்துக்குப் பின்னால், இனி எந்த மளிகைக் கடையில் கடன் கேட்பது என்று யோசிப்பவள்போல் நின்றாள். லேயருக்குப் பொறுமை போயிற்று. இத்தனை நாள் அடக்கியது எல்லாம் வாய்க்கு வந்தது.

"அம்மா, வேலையை விட்டேன். முதலாளியைப் பகைச்சேன். மாமனார் கையால இனி ஒரு வாய்த் தண்ணி கிடைக்காது. எல்லாம் உங்க பெரியவருக்காக. கடைசியில என் மானத்தையே கழட்டி மாட்டியிருக்கேன். நல்லாப் பாருங்க. தோள் என்னுது, வயிறு என்னுது, கால் என்னுது. உங்க பெரியவரோட உடம்புல ஒரு நகம்கூட இதுல இல்லை. இன்னும் உங்களுக்கு என்னம்மா குறை?"

அந்த அம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"உடம்பை யாரு தம்பி கேட்டா? அந்தத் தலைதான் எங்க பெரியவரு; தாயில்லாக் குட்டிக்குப் புட்டிப்பால் குடுத்து நான் வளர்த்த கிடாவை, போயும் போயும் ஒரு மனுஷன் மேல ஒட்டவெச்சிட்டீங்களே!"